ஏழு மணிக்கு அணையும் அடுப்பு

காலை 6 மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். மாலை 7 மணிக்கு அணைத்துவிடுகிறார்கள். நடுவில் 13 மணி நேரம் பந்தி ஓய்வதில்லை. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் ஆறு வயதைத் தாண்டியவர்கள் அநேகமாக இல்லை. பிரிட்டனின் பொதுத்துறை ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்றே நடத்தும் சிபீபீஸ் தொலைக்காட்சியைத்தான் சொல்கிறேன். 2002 பிப்ரவரி 11-ஆம் தேதி தொடங்கியது. அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள, குழந்தை இருக்கிற வீட்டின் சமையலறையை மனதில் வைத்துக்கொண்டால் போதும். அங்கே நடப்பது எல்லாம் இங்கேயும் நடக்கிறது.

முதலில் பானையைத் திறந்து பார்த்துவிடலாம். நாளுக்கு 13 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 4,745 மணி நேரம். பிரிட்டனின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2017-ல் பிபிசிக்குக் கொடுத்த உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: பிரிட்டனிலேயே தயாரான புத்தம்புது நிகழ்ச்சிகள் சிபீபீஸில் ஆண்டுக்குக் குறைந்தது 100 மணி நேரம் வர வேண்டும். 4,745-க்கு 100. அதாவது நூற்றில் இரண்டு பங்குதான் கட்டாயம். அதற்கு மேல் தயாரிப்பதையும் வெளியிலிருந்து வாங்குவதையும் சேர்த்துக்கொண்டாலும், தட்டில் விழுவதில் பெரும்பகுதி முன்பே சமைத்ததுதான்.

பெரியவர்களுக்கான அலைவரிசையில் இப்படி நடந்தால் பழையதைச் சுடவைத்துப் போடுகிறார்கள் என்று சண்டை வரும். மூன்று வயதுப் பிள்ளை அந்தச் சண்டைக்கு வராது. அதற்கு நேற்றுச் சாப்பிட்ட பருப்புச் சாதமே இன்றும் வேண்டும், அதே கிண்ணத்தில் வேண்டும். ஒரே கதையை இருபது முறை கேட்ட குழந்தை இருபத்தோராவது முறையும் கேட்பது ஏன்? அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியும். தெரிந்தது தெரிந்தபடியே வருவதில் அதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. முதல் தடவை படத்தைப் பார்க்கும். இரண்டாவது தடவை சொல்லைப் பிடிக்கும். நான்காவது தடவை அந்தச் சொல்லைத் தானே முந்திக்கொண்டு சொல்லும். மறுஒலிபரப்பு என்பது இங்கே சிக்கன நடவடிக்கை மட்டுமல்ல, சமையல் முறையின் ஒரு பகுதி.

இதைத் துணிந்து செய்து காட்டியது டெலிடபீஸ். சிபீபீஸ் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1997 மார்ச் 31-ல் பிபிசி 2-இல் தொடங்கிய தொடர் அது. ராக்டால் நிறுவனத்தின் ஆன் உட்டும் ஆண்ட்ரூ டேவன்போர்ட்டும் உருவாக்கினார்கள். டேவன்போர்ட் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேச்சு அறிவியல் படித்தவர். குழந்தையின் வாயில் சொல் எப்படி முளைக்கிறது என்பது அவருக்குப் பாடமாகவே இருந்தது. தொடரின் நாயகர்களான நான்கு உருண்டை உருவங்களில் ஒன்றின் வயிற்றுத் திரையில் நிஜக் குழந்தைகளைப் பற்றிய ஒரு சிறு படம் ஓடும். முடிந்ததும் நான்கும் மறுபடி கேட்கும். அதே படம், ஒரு காட்சிகூட வெட்டப்படாமல், முதலிலிருந்து இன்னொரு முறை ஓடும். பெரியவர்கள் பலருக்கு எரிச்சல். பேச்சைக் கெடுக்கிறது, அறிவை மழுக்குகிறது என்றெல்லாம் பத்திரிகைகளில் எழுதினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தைகளை யாரும் கேட்கவில்லை. அவர்கள் இரண்டாவது கவளத்துக்கு வாயைத் திறந்தபடி இருந்தார்கள். 365 பகுதிகள் எடுக்கப்பட்டன.

2017-ல் வந்த யாக்கா டீ என்ற நிகழ்ச்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பகுதிக்கு ஒரே ஒரு சொல். கோப்பை என்றால் அந்த ஐந்து நிமிடமும் கோப்பைதான். பெரிய கோப்பை, சிறிய கோப்பை, கவிழ்ந்த கோப்பை. குழந்தைகள் ஒவ்வொருவராகத் திரையில் வந்து அதைச் சொல்லிப் பார்க்கிறார்கள். பேச்சு தாமதமாகும் பிள்ளையின் பெற்றோருக்கு இந்த ஐந்து நிமிடம் எவ்வளவு பெரியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பந்திக்கு வருகிறவர்கள் நிலையானவர்கள் அல்ல என்பதும் ஒரு காரணம். ஒன்றரை வயதில் வந்து உட்காரும் பிள்ளை ஆறு வயதில் எழுந்து போய்விடுகிறது. ஐந்து ஆண்டுகளில் கூடத்தில் இருப்பவர்கள் மொத்தமாக மாறிவிடுகிறார்கள். 2007-ல் டேவன்போர்ட் எழுதிய இன் த நைட் கார்டன் தொடரில் 100 பகுதிகள்தான். முதுபெரும் நடிகர் டெரெக் ஜேகோபி கதை சொல்கிறார். அன்று அதைப் பார்த்த குழந்தைகள் இன்று வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். இப்போதைய இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது இன்று காலை இறக்கிய இட்லி.

ஆகவே இந்தச் சமையலறையில் சரக்கு இரண்டு வகை. ஒன்று, கோடையில் உட்கார்ந்து இட்டு, காயவைத்து, டப்பாவில் அடைத்துவைக்கும் வற்றல் வடாம். அனிமேஷன் தொடர்கள் அந்த வகை. உழைப்பு முழுவதும் முன்கூட்டியே. பிறகு வேண்டும்போது எடுத்துப் பொரிக்கலாம். ஏழு நிமிடப் பகுதிக்கே முதலில் கதை எழுத வேண்டும், குரலைப் பதிவு செய்ய வேண்டும், அந்தக் குரலுக்கு ஏற்ப காட்சிகளைப் பென்சில் படங்களாக அடுக்கிப் பார்க்க வேண்டும், அதன் பின்தான் அசைவு. மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. ஒரு வீடு தனியாகச் செலவைத் தாங்காது என்பதால் பக்கத்து வீடுகளோடு பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ப்ளூயி என்ற தொடர் அப்படி வந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லூடோ ஸ்டுடியோ செய்தது. அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியும் பிபிசியின் வணிகக் கிளையான பிபிசி ஸ்டுடியோஸும் சேர்ந்து பணம் போட்டன. 2018-ல் அங்கே ஒளிபரப்பாகி, 2021-ல் சிபீபீஸுக்கு வந்தது.

இன்னொன்று கீரை. அன்று பறித்து அன்றே ஆக வேண்டும். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே வண்ணமயமான வீட்டுக்குள்ளிருந்து தொகுப்பாளர்கள் தலைகாட்டும் ஓரிரு நிமிடங்கள் இந்த வகை. இன்று யாருக்குப் பிறந்தநாள், வெளியே பனி கொட்டுகிறது, காய்கறியை வைத்து ஒரு முகம் செய்யலாமா என்ற மாதிரி. இந்த நிமிடங்கள் இல்லாவிட்டால் அலைவரிசை வெறும் டப்பாக்களின் வரிசையாகிவிடும். என்னைக் கேட்டால், சிபீபீஸின் உயிர் அதன் புகழ்பெற்ற தொடர்களில் இருப்பதைவிட இந்தக் கீரைக்கட்டில்தான் அதிகம் இருக்கிறது. குழந்தைக்குச் சோறு முக்கியம். ஊட்டுகிறவர் யார் என்பது அதைவிட முக்கியம்.

ஊட்டுவதற்கு ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. தொகுப்பாளர் கேமராவை நேராகப் பார்க்கிறார். பார்க்கும் குழந்தைகள் லட்சக்கணக்கில் இருந்தாலும் அவர் பேசுவது எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரே குழந்தையிடம். கேள்வி கேட்டால் நிறுத்துகிறார். அந்த மௌனத்தில் வீட்டுக்குள் ஒரு குழந்தை பதில் சொல்கிறது. அவருக்கு அது கேட்காது, கேட்டதுபோல் தலையாட்டுகிறார். ஒரு வாய் கொடுத்துவிட்டு, அது விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த வாயை உருட்டுவது இது. பழைய வீட்டிலிருந்து வந்த பழக்கமும்கூட. 1964 ஏப்ரல் 20-ஆம் தேதி பிபிசி 2 கோலாகலமாகத் தொடங்குவதாக இருந்தது. பேட்டர்சீ மின்நிலையத்தில் தீ. மேற்கு லண்டனில் மின்சாரம் போய்விட்டது. விழா இருட்டோடு முடிந்தது. மறுநாள் காலை 11 மணிக்கு, திட்டப்படி முதலில் ஒளிபரப்பானது பிளே ஸ்கூல் என்ற குழந்தைகள் நிகழ்ச்சி. இப்படியாக, ஓர் அலைவரிசையின் முதல் கவளம் குழந்தைகளுக்குப் போனது. ஜாய் விட்பி வடிவமைத்த அந்த நிகழ்ச்சி 1988 வரை ஓடியது. அதன் நேர்ப்பேச்சு நடைதான் இன்றுவரை கைமாறி வருகிறது.

2009-ல் செரி பர்னெல் என்ற நடிகை தொகுப்பாளராகச் சேர்ந்தார். அவருக்குப் பிறவியிலேயே வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று சில பெற்றோர் புகார் எழுதினார்கள். பிபிசி அவரை மாற்றவில்லை. 2017 வரை அவர் அங்கே இருந்தார். பிள்ளைகள் அந்தக் கை எங்கே என்று கேட்டிருப்பார்கள், பதில் கேட்டுவிட்டுக் கதைக்குத் திரும்பியிருப்பார்கள். பயம் பெரியவர்களுடையது. யார் கையால் சாப்பிட்டோம் என்பதைக் குழந்தை ஆயுளுக்கும் மறப்பதில்லை. அதனால்தான் பரிமாறும் கைகள் பல விதமாக இருப்பதை நான் இந்த அலைவரிசையின் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

அதே வரிசையில் தொகுப்பாளர் ஜஸ்டின் ஃப்ளெச்சர். 2003-ல் தொடங்கிய சம்திங் ஸ்பெஷல் நிகழ்ச்சியில் அவர் பேசும்போதே முக்கியமான சொற்களுக்குக் கையால் சைகையும் காட்டுகிறார். மேக்கட்டன் என்ற அந்த முறை 1970-களில் உருவானது. பேச்சைக் கைவிட்டுவிட்டுச் சைகைக்குப் போவதில்லை. பேச்சுக்குக் கைத்தாங்கலாகச் சைகை வருகிறது. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த நிகழ்ச்சி எல்லாக் குழந்தைகளுக்கும் பிடித்துப்போனது. புள்ளிச் சட்டையும் சிவப்பு மூக்குமாக அவர் போடும் மிஸ்டர் டம்பிள் வேடத்தைத் தெரியாத பிள்ளை பிரிட்டனில் அரிது. மிளகாய் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்காகக் காரத்தைக் குறைத்தால் வீடே அதை விரும்பிச் சாப்பிடுவது இல்லையா, அப்படி. 2017-ல் வந்த பாப்லோ ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் கதை. வட அயர்லாந்தில் செய்தார்கள், குரல் கொடுத்தவர்களும் ஆட்டிசம் உள்ளவர்கள்.

காரம் என்றதும் சொல்ல வேண்டியது வேகம். காட்சி எத்தனை நொடிக்கு ஒருமுறை வெட்டப்படுகிறது, சத்தம் எவ்வளவு, ஒரு பகுதிக்குள் எத்தனை விஷயம் என்பதுதான் இங்கே உப்புப் புளி. கண்ணைப் பறிக்கும் வேகத்தில் வெட்டினால் குழந்தை கண் கொட்டாமல் பார்க்கும். ஆனால் உறைப்பு நாக்கைப் பிடித்துவைப்பதும் உணவு உடம்பில் சேர்வதும் வேறு வேறு. நம்பர்பிளாக்ஸ் தொடரைப் பாருங்கள். ஒன்று என்பது ஒரு கட்டை. அதன் மேல் இன்னொன்று ஏறி நின்றால் இரண்டு. நான்கு என்ற எண் சதுரமாக நின்று தன் வடிவத்தைப் பார்த்துத் தானே பூரிக்கிறது. ஒரு பகுதி ஐந்து நிமிடம், அதற்குள் ஒரு கருத்து, அதுவும் நன்றாகக் குழைய வெந்தது. இங்கிலாந்தில் கணிதம் கற்பித்தலுக்கான தேசிய மையம் இந்தத் தொடரை வைத்து மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்குத் துணைக்குறிப்புகளே தயாரித்திருக்கிறது. 2012-ல் வந்த ட்ரீ ஃபூ டாம் தொடரில் மந்திரம் பலிக்க வேண்டுமென்றால் பார்க்கும் பிள்ளையும் எழுந்து கையைக் காலை ஆட்ட வேண்டும். உடல் அசைவுகளை ஒருங்கிணைக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்கு உதவும்படி அந்த அசைவுகளை நிபுணர்களைக் கொண்டு அமைத்தார்கள்.

பரிமாறுவதற்கு முன் கல் பொறுக்கும் வேலை. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் திரை மின்னினால் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. அதைக் கருவி வைத்துச் சோதிக்கிறார்கள். குழந்தை பார்த்துவிட்டு அப்படியே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று தனியே தேடுகிறார்கள்: சைக்கிளில் தலைக்கவசம் உண்டா, காரில் இருக்கைப் பட்டை போட்டிருக்கிறார்களா. நடிக்கும் பிள்ளைகளுக்கும் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் விதிப்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் நடிக்கக்கூடாது. ஒரே மூச்சில் 30 நிமிடத்துக்கு மேலும் கூடாது. உள்ளாட்சியின் உரிமமும் பொறுப்பாளர் ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும். காலையில் வந்து மதியத்துக்குள் முடிக்க வேண்டிய படப்பிடிப்பு நாட்கணக்கில் நீள்வதற்கு இதுதான் காரணம்.

அரிசிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? ஊர் கூடி உலை வைக்கிறது. தொலைக்காட்சி பார்க்கும் அநேகமாக ஒவ்வொரு வீடும் உரிமக் கட்டணம் கட்டுகிறது. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. குழந்தை இல்லாத வீடும் கட்டுகிறது. பொம்மைக்கடைக்காரரோ இனிப்புக் கம்பெனியோ அரிசி வாங்கிக் கொடுத்திருந்தால், குழந்தையின் பசியைவிட அவர்களுடைய விற்பனையைத்தான் கரண்டி பார்த்துக்கொண்டிருக்கும். பிபிசி இந்த விஷயத்தில் முற்றும் துறந்தது என்றும் சொல்ல முடியாது. டெலிடபீஸ் பொம்மைகள் வந்த காலத்தில் கடைகளில் வரிசை நின்றது. ப்ளூயி சாமான்கள் இன்று உலகெங்கும் விற்கின்றன. ஆனால் அந்த விற்பனை சாப்பாட்டு நேரத்தில் இலைக்கு நடுவே வந்து உட்காருவதில்லை. 13 மணி நேரத்தில் ஒரு விளம்பரம்கூட இல்லை.

நேர அட்டவணையும் வீட்டு வேளைகளை ஒட்டித்தான். காலையில் துள்ளலான நிகழ்ச்சிகள், மழலையர் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் அது. பிறகு வீட்டில் தங்கிவிட்ட சின்னதுகளுக்கு நிதானமானவை. மூன்று மணிக்கு மேல், பள்ளி விட்டு வரும் ஐந்து வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் கலகலப்பு. 6 மணிக்கு எல்லாம் மாறும். நிறம் மங்கலாகிறது, பேச்சு தாழ்கிறது, இசை மெதுவாகிறது.

இந்த 6 முதல் 7 மணி வரையிலான நேரத்துக்குப் பிரிட்டனில் ஒரு வரலாறு இருக்கிறது. 1957 பிப்ரவரி வரை, மாலை 6 மணிக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பையே நிறுத்திவிடுவார்கள். 7 மணிக்குத்தான் திரும்ப வரும். பெற்றோர் சின்னப் பிள்ளைகளைத் தூங்கவைக்க ஒரு மணி நேரம். திரை ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளை படுக்கும் என்பது அன்றைய எண்ணம். வணிகத் தொலைக்காட்சி வந்தபின் அந்த ஒரு மணி நேர விளம்பர வருமானம் கண்ணை உறுத்தியது; வழக்கம் கைவிடப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதே ஒரு மணி நேரத்தை சிபீபீஸ் மறுபடி தூக்கத்துக்கே கொடுத்தது. இம்முறை தூங்கவைக்கும் வேலையில் திரையும் பங்கெடுத்துக்கொள்கிறது.

கடைசி உருண்டை ஒரு கதை. 7 மணிக்குச் சற்று முன் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படப்புத்தகத்தை வாசிக்கிறார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. 2016-ன் கடைசி நாளில் நடிகர் டாம் ஹார்டி தன் நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார். அதே ஆண்டில் விண்வெளி வீரர் டிம் பீக் விண்வெளி நிலையத்திலிருந்து, புத்தகம் மிதக்க மிதக்க வாசித்தார். 2022-ல் காது கேளாத நடிகை ரோஸ் அய்லிங்-எல்லிஸ் பிரிட்டிஷ் சைகை மொழியில் கதை சொன்னார். அந்த நிகழ்ச்சியில் அதுவே முதல் முறை. எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் செய்யக்கூடியது ஒன்றுதான்: நிதானமாகப் பக்கம் திருப்புவது.

7 மணிக்கு அடுப்பு அணைகிறது என்று சொன்னேன். நுட்பமாகச் சொன்னால், இன்னொரு குடும்பம் அதில் பாத்திரத்தை ஏற்றுகிறது. பிரிட்டனின் கட்டணமில்லா தரைவழி ஒளிபரப்பில் அலைவரிசை இடம் சுருக்கம். சிபீபீஸ் பகலில் பயன்படுத்தும் அதே இடத்தை இரவில் பெரியவர்களுக்கான பிபிசி ஃபோர் எடுத்துக்கொள்கிறது. ஒரே அடுப்பு, பகலுக்கு ஒரு சமையல், ராத்திரிக்கு ஒரு சமையல். இட நெருக்கடியால் வந்த ஏற்பாடுதான், ஆனால் பெற்றோருக்கு அது கொடுத்த பலம் பெரியது. கடை சாத்திவிட்டார்கள், இனி நாளைக்குத்தான் என்று குழந்தையிடம் சொல்ல முடிகிறது. அது பொய்யும் இல்லை. முடிவில்லாமல் அடுத்தடுத்து ஊட்டிக்கொண்டே இருக்கும் யூடியூபில் இந்த வாக்கியத்தைச் சொல்ல இடமே இல்லை. அங்கே நிறுத்த வேண்டியது எப்போதும் அம்மாவோ அப்பாவோதான்; பிள்ளையின் அழுகையும் அவர்கள் தலையில்தான்.

2022 மே மாதம் பிபிசி ஓர் அறிவிப்பு செய்தது: பெரிய பிள்ளைகளுக்கான சிபிபிசியும், இரவுக் குடித்தனமான பிபிசி ஃபோரும் வரும் ஆண்டுகளில் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விடும். அந்தப் பட்டியலில் சிபீபீஸ் இல்லை. பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் அதன் நிகழ்ச்சிகள் எந்த நேரமும் எடுத்துக்கொள்ளக் கிடைக்கின்றன. இருந்தும் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடும் பந்தியையும் வைத்திருக்கிறார்கள். அது சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 2007 முதல் குழந்தைகள் நிகழ்ச்சிகளின் நடுவே கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களுக்கான விளம்பரங்களைப் பிரிட்டன் படிப்படியாகத் தடுத்தது. நல்ல சட்டம். ஆனால் ஏற்கெனவே தளர்ந்திருந்த வணிக அலைவரிசைகள் குழந்தைகளுக்குச் சமைப்பதை மேலும் குறைத்துக்கொண்டன. அந்த இடைவெளியை அடைக்க 2019-ல் அரசு 5.7 கோடி பவுண்டு என்று அறிவித்து ஒரு நிதியைத் தொடங்கியது. 2022-ல் அதை மூடிவிட்டது. இப்போது அந்த நாட்டில் சின்னக் குழந்தைகளுக்கென்று புதிதாக உலை வைப்பதில் பெரும் பங்கு இந்த ஒரே வீட்டுடையது. அந்த வீட்டின் உரிமக் கட்டணம் எவ்வளவு, எத்தனை காலம் என்பதை ஒவ்வொரு அரசும் மறுபடி மறுபடி விலை பேசிக்கொண்டிருக்கிறது. பேசுகிற மேசையில் உட்காருகிறவர்கள், தங்கள் வீட்டில் ஆறு வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தால், ஒரு நாள் விடுப்பெடுத்து அதன் பக்கத்தில் காலை 6 முதல் மாலை 7 வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும்.